புகைக்கூடு இல்லாத வீடு

என் கணவர் கதிர்காமநாதனுக்குப் பயப்படுவதுதான் தொழில். கேலிக்குச் சொல்லவில்லை. ஒக்லாந்தில் பழைய மரவீடு வாங்க நினைக்கிறவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இவரைக் கூப்பிடுவார்கள். இவர் டோர்ச்சையும், சுவரில் ஈரம் பார்க்கிற கருவியையும் எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்கு அடியில் தவழ்ந்து, கூரைக்குள் ஏறி, அந்த வீட்டில் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று நாற்பது பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பார். ஊராருக்காகப் பகலெல்லாம் பயப்பட்டுவிட்டு வருகிற மனுசன், வீட்டுக்கு வந்ததும் ஓய்ந்திருப்பார் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. வீட்டில் இலவசமாகப் பயப்படுவார்.

எங்கேயாவது புறப்பட்டுக் கார் அடுத்த தெருவில் திரும்பியதும் தொடங்கிவிடுவார். “கஜா, அடுப்பை நூத்தனியோ?”

“ஓம்.”

“வடிவா யோசிச்சுப் பார்.”

“யோசிச்சுப் பார்த்துத்தான் சொல்லுறன். ஓம்.”

இரண்டு தெரு போவார். பிறகு காரைத் திருப்புவார். கல்யாணம் கட்டி இருபத்தேழு வருடமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறார். ஒரு நாளாவது அந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்ததா என்றால், கிடையாது. எங்கள் மகள் பிரசாந்தி “டாட், ரிலாக்ஸ்” என்று சொல்லிச் சொல்லிக் களைத்து, வேலை கிடைத்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டாள். நான் எங்கே போவது? “ஒண்டுமில்லை, எல்லாம் சரி” என்று சொல்லியே என் ஆயுளில் பாதி போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் இவர் படவரைஞராக இருந்தவர். இங்கே வந்தபோது அந்தப் படிப்பை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. கிடைத்த வேலை, பழைய வீடுகளைப் பிரித்து விற்கிற ஒரு யார்டில். பன்னிரண்டு வருடம் அங்கே ஆணி பிடுங்கினார். விக்டோரியா ராணி காலத்தில் கட்டின மரவீடுகளை இங்கே வில்லா என்பார்கள். மோட்டர்வேக்கும் பிளாட்டுகளுக்கும் இடம் வேண்டும் என்று அவற்றை இடிப்பார்கள். அந்தக் கதவையும் ஜன்னலையும் பலகையையும் இவர்கள் கழற்றிக் கொண்டுவந்து விற்பார்கள். வீட்டைக் கட்டத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவருக்கு அதைக் கடைசி ஆணி வரைக்கும் பிரிக்கத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பரீட்சை எழுதி இன்ஸ்பெக்டர் ஆனார். அது ஆகிப் பதினொரு வருடம்.

வில்லாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இவரை நிறுத்த முடியாது. நூற்றி முப்பது வருடத்துக்கு முந்தி எவனோ ஒரு தச்சன் கூரைப் பலகையில் பென்சிலால் போட்டு வைத்த கணக்கைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, “பார், பார், ஏழும் எட்டும் கூட்டப் பிழை விட்டிருக்கிறான்” என்று கண் கலங்குவார். என் பிறந்தநாள் ஞாபகம் இருக்காது.

கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது. அந்தக் காலத்து வில்லா தெருவுக்குக் காட்டுவதற்காகவே கட்டினது. முன்பக்கம் விறாந்தையில் சித்திரவேலை, கூரை நுனியில் கடைந்தெடுத்த கொண்டை, பன்னிரண்டடி உயரத்தில் உட்கூரை, நடுவில் சாந்தில் பூ. நடுவால் ஒரு நீண்ட நடை, அதில் ஒரு வளைவு. வளைவு வரைக்கும்தான் விருந்தாளிகள் வருவார்கள். அதைத் தாண்டினால் அலங்காரம் எல்லாம் நின்றுவிடும், வெறும் பலகைதான். முன்னுக்குப் பட்டுச் சேலையும் பின்னுக்குக் கிழிந்த பாவாடையும் என்று நான் சொல்வேன். சுவர் என்று தட்டிப் பார்க்கிறோமே, அது சுவரே இல்லை. சீவாத பலகையின் மேல் சாக்குத் துணியை இழுத்து ஆணியடித்து, அதன் மேல் பூப்போட்ட காகிதம் ஒட்டியிருப்பார்கள். பலகைக்குப் பின்னால் வெறும் வெளி. எல்லாம் கவ்ரி என்கிற இந்த நாட்டு மரம். அந்த மரத்தில் பிசின் இருக்கிறது. நூறு வருடம் வெயிலில் காய்ந்தும் இருக்கிறது.

இவ்வளவு ஆசை உள்ளவர் எங்களை எங்கே குடிவைத்திருக்கிறார் தெரியுமா? மவுண்ட் வெல்லிங்டனில், செங்கல்லும் ஓடுமாகக் கட்டின ஒரு யூனிட்டில். “வில்லா பார்க்கத்தான் வடிவு. அதுக்குள்ள என்னால நித்திரை கொள்ள ஏலாது” என்பார்.

கோகுல் இவருக்குக் கோயிலில் பழக்கம். நாமக்கல்காரப் பிள்ளை, ஐடியில் வேலை. அவன் மனைவி லக்ஷ்மிப்ரியா ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருக்கிறாள். ஒரு வயதில் அகில் என்று ஒரு குட்டி. போன வருடம் இரண்டு பேரும் ஒனிஹங்காவில் ஒரு வில்லாவைப் பார்த்து மயங்கிப்போய் இவரிடம் ஓடிவந்தார்கள். கிழக்கு வாசல். இந்த ஊரில் வில்லாவை வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துக் கட்டவில்லை. தெரு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் வாசல். ஆகவே கிழக்கு வாசல் கிடைப்பது அதிர்ஷ்டம் என்று அவர்களுக்கு ஒரே குதூகலம்.

ஆயிரத்து எண்ணூற்றித் தொண்ணூற்றி நான்கில் துறைமுகத்துக் கிளார்க் ஒருவர் கட்டின வீடு. அவர் காலத்துக்குப் பிறகு அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்; கதவுகளில் அறை எண் தகடு இருந்த ஆணித் துவாரங்களை இவர் எனக்குப் படத்தில் காட்டினார். பிற்பாடு வந்த ஒருவர் கூரையின் பழைய தகரத்தைக் கழற்றிப் புதுத் தகரம் போட்டிருக்கிறார். முன்னறையிலோ, குளிர் காய்வதற்குச் சுவரோடு கட்டின அந்தக் காலத்து அடுப்பு அப்படியே இருந்தது. வார்ப்பிரும்பு வாய், இரண்டு பக்கமும் பூ வரைந்த ஓடு, மேலே கவ்ரி மரத்தில் ஒரு தட்டு. லக்ஷ்மிப்ரியா அதைப் பார்த்த நிமிடமே வீட்டை வாங்கிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இவர் அந்த வீட்டைப் பரிசோதிக்கப் போனது ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு மனுரேவாவில் தெரிந்தவர்களின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. நான் சேலை கட்டிக்கொண்டு காத்திருக்கிறேன், மனுசன் வரவில்லை. நாலு தரம் போன் அடித்தேன். நாலாவது தரம் நல்லாய் ஏசியும் போட்டேன். தலை முழுக்கச் சிலந்தி வலையோடு வந்து சேர்ந்தார். அன்று பின்னேரம் சடங்கு மண்டபத்து வாசலில் நின்றபடியே கோகுலுக்குப் போன் பண்ணி, “நல்ல வீடு. வாங்கலாம் தம்பி” என்றார். இவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம். ரிப்போர்ட் இரண்டு நாள் கழித்துப் போனது.

புதுமனை புகுவிழா ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் பால் காய்ச்ச நேரம் வைத்திருந்தார்கள். அதற்கென்றே கோகுலின் தாய் அம்புஜம் ஊரிலிருந்து வந்திருந்தா. விடியற்காலையிலிருந்து மழை. நாங்கள் எட்டரைக்குப் புறப்பட வேண்டியது, என் சேலையால் ஒன்பது தாண்டிவிட்டது. இவர் வாசலில் நின்று சாவியை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றே இன்னும் மெதுவாக நடந்தேன்; அந்தரப்படுத்தினால் எனக்கு அப்படித்தான் வரும்.

பெரிய கடைத்தொகுதிக்குப் பக்கத்துச் சிவப்பு விளக்கில் நின்றபோது லக்ஷ்மிப்ரியாவிடமிருந்து ஒரு படம் வந்தது. முன்னறை அடுப்புக்கு முன்னால் மாக்கோலம். மேல் தட்டில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். அடுப்பு வாய்க்குள் மூன்று செங்கல் வைத்து, அதன் மேல் கழுத்தில் மஞ்சள் கட்டின பித்தளைப் பானை. கீழே விறகு அடுக்கி, ஓரத்தில் கற்பூரம். “அத்தை ஐடியா. இண்டக்‌ஷன் ஸ்டவ்ல அக்னி இல்லையாம். மழைல வெளியயும் வைக்க முடியல. சீக்கிரம் வாங்க ஆன்ட்டி” என்று எழுதியிருந்தாள்.

“எவ்வளவு வடிவாச் செய்திருக்கினம், பாருங்கோ” என்று போனை இவர் பக்கம் நீட்டினேன்.

பச்சை விளக்கு விழுந்தது. கார் நகரவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

“அதுக்கு மேல புகைக்கூடு இல்லை, கஜா” என்றார்.

“என்ன?”

“புதுத் தகரம் போடேக்க, புகை மேல போற அந்தச் செங்கல் கூட்டைக் கூரைக்குக் கீழயோட இடிச்சு எடுத்துட்டாங்கள். கூரைக்குள்ள அடிக்கட்டை மாதிரி வாயைத் திறந்தபடி நிக்குது. நெருப்பு வைச்சா அவ்வளவு பொறியும் கூரைக்குள்ளதான் கொட்டும். அங்க நூறு வருசத்துத் தூசி, குருவிக்கூடு, காய்ஞ்ச பலகை.”

“அப்ப புகை வீட்டுக்குள்ள வருமே. வந்தா நூத்துப்போடுவினம்தானே?”

“வராது. அதுதான் கரைச்சல். நல்லா இழுத்துக்கொண்டு மேல போயிடும். அறைக்குள்ள இருக்கிற ஆக்களுக்கு ஒண்டும் தெரியாது.” காரை விரட்டத் தொடங்கினார். “அலாரம் அடிக்கும். நடைக்குள்ள அலாரம் இருக்கு. நான் அமத்திப் பார்த்தனான், வேலை செய்யுது.”

அலாரம் என்றதும்தான் எனக்கு அந்த ஞாபகம் வந்தது. முதல் நாள் லக்ஷ்மிப்ரியா போனில் கேட்டாள், சாம்பிராணி போட்டால் ஸ்மோக் அலாரம் கத்துமே ஆன்ட்டி, என்ன செய்வது என்று. நம் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் சொல்லிக் கொடுத்தேன். குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை அலாரத்தில் மாட்டிவிடு, ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். திருவிழா, திவசம், மீன் பொரியல் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். எத்தனை வீட்டில் நானே ஏறி மாட்டியிருக்கிறேன்.

“அலாரத்தை மூடச் சொன்னனான்” என்றேன்.

இவர் வேகத்தை இன்னும் கூட்டினார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

லக்ஷ்மிப்ரியாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கோகுலுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. நல்ல நேரத்தில் யார் போன் எடுப்பார்கள்? அத்தனை போனும் பால் பொங்குவதைப் படம் பிடிக்கத் தூக்கிப் பிடித்தபடி இருந்திருக்கும்.

“நான் அதை எழுதினனானோ?” என்றார் இவர்.

“எதை?”

“அடுப்பைப் பாவிக்கக் கூடாது எண்டு. ரிப்போர்ட்டில.”

“எழுதியிருப்பியள். நீங்கள் எழுதாம விடுவியளே?”

“கூரைக்குள்ள நிண்டு அந்தக் கட்டையைப் படம் எடுத்தனான். அது ஞாபகம் இருக்கு. கீழ இறங்கினதும் முதல் வேலையா எழுதவேணும் எண்டு நினைச்சதும் ஞாபகம் இருக்கு. எழுதினது ஞாபகம் வரேல்லை. நீ போன் அடிச்சனி.” சிறிது நேரம் கழித்து மறுபடியும், “எழுதினனானோ?” என்றார். வீதி முழுக்க அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

“ஒண்டு ஒண்டு ஒண்டுக்கு அடி, கஜா. ஃபயர் எஞ்சினைக் கூப்பிடு.”

“உங்களுக்கென்ன விசரே?” என்றேன். “நல்ல நாளும் பெருநாளுமா, இன்னும் ஒண்டும் நடக்கேல்லை, அந்தச் சனத்தின்ர வாசலில ஃபயர் எஞ்சினைக் கொண்டுபோய் நிப்பாட்டச் சொல்லுறியளே? அந்த அம்மா ஊரில இருந்து வந்தது இதுக்கே? ரெண்டு விறகு எரிச்சா வீடு எரியுமே? போய்ச் சொல்லி நூப்பம். சும்மா மானத்தை வாங்காதேங்கோ.”

போன் என் கையில்தான் இருந்தது. நான் அடிக்கவில்லை.

நாங்கள் தெருவில் திரும்பியபோது மழை விட்டு வெயில் எறித்தது. நனைந்த தகரக் கூரைகளில் எல்லாம் வெயில் பட்டு ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக் கூரையிலும் பறந்தது. “ஆவிதான், பாருங்கோ, எல்லா வீட்டிலயும் இருக்கு” என்றேன். இவர் காரை நடைபாதையில் பாதி ஏற்றி நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். மற்ற வீடுகளில் ஆவி கூரை முழுக்கப் பரவி எழும்பியது. இந்த வீட்டில் முகட்டுத் தகரத்துக்கு அடியில் ஒரே இடத்திலிருந்து, சாம்பல் நிறத்தில், விட்டு விட்டு வந்தது.

இவர் ஓடினார். அறுபத்தொரு வயது. முழங்கால் வலி என்று தினமும் தைலம் பூசுகிற மனுசன். சப்பாத்தைக் கழற்றாமல், வாசலில் இருந்த அத்தனை செருப்புகளையும் மிதித்துக்கொண்டு ஓடினார். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். நடையில் அலாரம் சிவப்புப் பூப்போட்ட பிளாஸ்டிக் தொப்பியோடு பேசாமல் இருந்தது.

முன்னறையில் பத்துப் பதினைந்து பேர். பட்டுச் சேலையும் மல்லிகைப்பூ வாசமுமாக இருந்தது. அம்புஜம் அடுப்புக்கு முன்னால் மணையில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தா. தீ சும்மா ஜெகஜோதியாக எரிந்தது. அறைக்குள் மருந்துக்கும் புகை இல்லை. பால் நுரைத்துப் பானை விளிம்புக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு மூச்சில் பொங்கிவிடும். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

இவர் அவர்களுக்கு நடுவால் புகுந்து, குனிந்து, அந்தப் பித்தளைப் பானையை வெறும் கையால் பிடித்துத் தூக்கிப் பாலை அப்படியே நெருப்பில் கவிழ்த்தார்.

“ஐயோ! யாருங்க இந்த ஆளு?” என்று அம்புஜம் அலறினா. “பொங்கப் போற பாலக் கொட்டிட்டானே! எம் பையன் வூட்டு அடுப்ப அணைக்கறானே பாவி! கோகுலு, என்னன்னு கேளுடா!”

“எல்லாரும் வெளியில போங்கோ!” என்று இவர் கத்தினார். “கோகுல், ஏணி எங்க? குழந்தை எங்க?”

ஒருவரும் அசையவில்லை. சப்பாத்துக் காலோடு கோலத்தின் மேல் நின்று, கையெல்லாம் பால் ஒழுக, கண்கள் வெளியே வந்துவிடும் போலக் கத்துகிற ஒரு மனுசனை யார் நம்புவார்கள்? கோகுல் வாயைத் திறந்தபடி நின்றான். லக்ஷ்மிப்ரியா அழத் தொடங்கிவிட்டாள். அறையில் இருந்த நாற்றம் கருகின பாலின் நாற்றம் மட்டும்தான். எல்லோருடைய கண்ணும் இவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் முகட்டில் கண்ட புகை எனக்கு ஞாபகமே வரவில்லை. இருபத்தேழு வருடமாக நடுவழியில் திரும்பின கார்கள்தான் ஞாபகம் வந்தன. நான் அம்புஜத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. அவர் இப்பிடித்தான். எதுக்கெடுத்தாலும் அந்தரப்படுவார். நீங்கள் ஒண்டும் மனசில வைக்காதேங்கோ. திரும்ப நெருப்பை மூட்டி வேற பால் வைப்பம்” என்றேன்.

இவருக்கு அது கேட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நடைக்குப் போனார். தோரணம் கட்ட எடுத்த ஏணி அங்கேயே சாத்தியிருந்தது. அதை இழுத்து, கூரைக்குள் ஏறுகிற வாசலுக்குக் கீழே வைத்து, வெந்த கைகளால் பிடித்து ஏறினார். பன்னிரண்டடி உயரம். தலையால் முட்டி மூடிப் பலகையைத் தள்ளினார்.

கறுப்பாகக் கொட்டியது புகை. மேலே இருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கீழே வந்ததுபோல நடை முழுக்க நிறைந்தது. ஏணி உச்சியில் இவரைக் காணவில்லை. இருமல் மட்டும் கேட்டது. பிறகு, “பலகை பத்திட்டுது!” என்ற குரல். பலகையைத் திரும்ப மூடிவிட்டுத் தடுமாறிக்கொண்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அகில் பின்னறையில், வளைவுக்கு அந்தப் பக்கம், தூங்கிக்கொண்டிருந்தான். கோகுல் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாய்ந்து போய்த் தூக்கி வந்தான். நான் நடைபாதையில் வெறுங்காலோடு நின்று ஒண்டு ஒண்டு ஒண்டுக்கு அடித்தேன். மூன்று தரம் பிழையாக அமர்த்தினேன். இவர் கடைசியாக வெளியே வந்து, நின்ற எல்லோரையும் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு எஞ்சின் வந்தது. கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் உள்ளே நின்றார்கள். உட்கூரைப் பலகைகளைப் பெயர்த்துத் தெருவில் எறிந்தார்கள். சாந்துப் பூ உடைந்து விழுந்த சத்தம் வெளியே கேட்டது. இரண்டு கைமரம் கருகிவிட்டது, முன்னறை முழுக்கத் தண்ணீர். ஆனால் வீடு நின்றது. தலைமை தாங்கி வந்த பெண் அதிகாரி, நல்ல உயரமான சமோவாப் பெண், இன்னும் கால் மணித்தியாலம் தெரியாமல் இருந்திருந்தால் தீ நடை முழுக்க இறங்கியிருக்கும், பின்னறைக்குப் போக வழி இருந்திருக்காது என்றாள். பின்னறையில் யார் தூங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். பிறகு பூப்போட்ட பிளாஸ்டிக் தொப்பியைக் கையில் எடுத்து வந்து, கோகுலிடம் கொடுத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“புகைபோக்கி இல்லாத அடுப்பு என்று வாங்கும்போது உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா?” என்றும் அவள் கேட்டாள். கோகுல் பதில் சொல்வதற்குள் வேறு யாரோ கூப்பிட்டு அவள் போய்விட்டாள். இவர் ஈரத்துணி சுற்றின கைகளோடு ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வி இவருக்கு நல்லாய்க் கேட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் உரிந்திருக்கிறது என்று மணிக்கட்டு வரைக்கும் கட்டுப் போட்டார்கள். ஊசி போட்டும் வலி குறையவில்லை என்று முகத்தில் தெரிந்தது. “நோகுதோ?” என்றேன்.

“ரிப்போர்ட்டைத் திற” என்றார்.

“வீட்ட போய்ப் பாப்பம். இப்ப படுங்கோ.”

“இப்ப திற, கஜா. எனக்கு விரல் இல்லை. நீ திறந்து பார்.”

இவருடைய போனில் தேடித் திறந்தேன். நாற்பத்தொரு பக்கம். தூண்களைப் பற்றி மூன்று பக்கம், ஜன்னல் கயிறுகளைப் பற்றி ஒரு பக்கம். குளியலறைக் குழாயில் ஒரு சொட்டு ஒழுகுவதைக்கூட விடவில்லை. முன்னறை அடுப்புக்கு ஒரு பகுதி இருந்தது. வார்ப்பிரும்பும் பூ ஓடும் அந்தக் காலத்து அசல் வேலைப்பாடு, மிக நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். கூரைப் பகுதிக்குப் போனேன். கைமரம், தகரம், வயர், எலிப் புழுக்கை. இருபத்தாறாம் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. தூசிக்கு நடுவில், வாயைத் திறந்தபடி, இடித்துவிட்ட செங்கல் கட்டை. எல்லாப் படங்களுக்கும் கீழே இரண்டு மூன்று வரி இருந்தது. அதற்குக் கீழே ஒரு எழுத்தும் இல்லை.

நான் முன்னும் பின்னும் இரண்டு தரம் தேடினேன். இவருடைய கண்ணாடி அந்தக் கூரைக்குள் விழுந்துவிட்டது. போனைக் காட்டினாலும் இவரால் வாசிக்க முடியாது. இருக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். வீட்டுக்குப் போய் நானே அந்த இடத்தில் எதையாவது எழுதி வைக்கலாமா என்றுகூட என் புத்தி போனது, பாருங்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு கோகுல் வந்தான். பட்டு வேட்டியெல்லாம் கரி. இடுப்பில் அகில், ஒரு பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டு. இவருடைய கட்டுகளைப் பார்த்ததும் “அங்கிள்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்கோ, இல்லையோ?”

“தம்பி வந்திருக்கிறார்…”

“வந்தது நல்லது. அவருக்கும் கேக்கட்டும். இருக்கோ?”

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் காலையில் அந்த அறையில் அத்தனை பேருக்கு முன்னால் இவரை விசரனாக்கின வாய் அது. அதே வாயால் இன்னொரு தரம் இவரைச் சமாளிக்க எனக்கு மனம் வரவில்லை.

“இல்லை” என்றேன். “படம் இருக்கு. எழுத்து இல்லை. நான்தான் உங்களை எழுத விடேல்லை.”

இவர் மெல்லத் தலையாட்டினார். பிறகு கோகுல் பக்கம் திரும்பி, “தம்பி, அந்த அடுப்பில நெருப்பு வைக்கக் கூடாது எண்டு நான் ரிப்போர்ட்டில எழுதியிருக்க வேணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதாம விட்டுட்டன். பிழை என்ர” என்றார்.

கோகுல் பதறிப்போனான். “ஐயோ அங்கிள், என்ன அங்கிள் நீங்க! எம் பையனக் காப்பாத்திக் குடுத்துட்டுப் பிழை கிழைன்னு பேசறீங்க. ரிப்போர்ட்ட விடுங்க. அத நாங்க தொறந்துகூடப் பாக்கல. அன்னைக்கு நீங்க போன்ல, ‘நல்ல வீடு, வாங்கலாம் தம்பி’ன்னு சொன்னீங்கள்ல? அதுக்கு மேல எங்களுக்கு எந்த ரிப்போர்ட் வேணும்? நீங்க சொன்னீங்கங்கற ஒரே தைரியத்துலதான் அங்கிள் அந்த வீட்டுக்குள்ளயே வந்தோம்.”

ஆறுதலுக்குத்தான் சொன்னான் பாவம், மனதாரச் சொன்னான்.

இவர் கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இவர் இப்படிச் சத்தம் போட்டு அழுது நான் கண்டதில்லை. கோகுலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான்தான் எதையோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து, பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, “சாரி அங்கிள், சாரி அங்கிள்” என்று இவருடைய தோளைத் தடவிக்கொண்டே நின்றான்.